மலிவு விலைக் கடைகளும் ஏழை மக்களும்

(குடும்பங்களிலும் பங்கு மன்றங்களிலும் கூடிப் படிப்பதற்கான சமூகப் பாடம்)

வாசிக்க வேண்டிய இறைவார்த்தை: ஆமோஸ் 8:4-7, லேவியர் 19:35-36, யாக்கோபு 5:4



வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்கள் பெட்டியைத் திறந்து சாமான்களைப் பங்கிடும்போது, "இதெல்லாம் டொலர் கடையில் வாங்கினது" என்று சொல்ல நீங்கள் கேட்டிருப்பீர்கள். கனடாவில் 1992ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட டொலராமா என்ற கடையின் பெயர் நம் வீடுகளிலும் பழக்கமானதே. ஆனால் இத்தகைய மலிவு விலைக் கடைகள் மிகப் பெருந்தொகையாகப் பரவியிருப்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளிலேயே. அங்கே அவை அன்பளிப்புச் சாமான் வாங்கும் இடங்கள் மட்டுமல்ல. பெருந்தொகையான ஏழைக் குடும்பங்கள் அன்றாட உணவுக்கே அவற்றை நம்பியிருக்கின்றன.

"மலிவாக விற்பது ஏழைக்கு நன்மைதானே, இதில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. கர்தினால் கார்டைன் இளந் தொழிலாளருக்குக் கற்பித்த வழியிலே இதற்கு விடை தேடுவோம். பாப்பரசர் 23ஆம் அருளப்பரும் 1961ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தாயும் ஆசிரியையும்' என்னும் சுற்றுமடலில் இவ்வழியைத் திருச்சபை முழுவதற்கும் பரிந்துரைத்தார். முதலில் உள்ளதைப் பார்ப்போம், பின்பு இறைவார்த்தையின் ஒளியில் தீர்ப்பிடுவோம், அதன்பின் செயற்படுவோம்.

1. பார்ப்போம்

கடை தோன்றிய வரலாறு

இக்கடைகளுள் மிகப் பெரியது டொலர் ஜெனரல் என்னும் நிறுவனம். இதைத் தொடங்கிய ஜே. எல். டேர்னர் சிறுவயதிலேயே தந்தையை இழந்து, பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர். 1930களின் பொருளாதார மந்தத்திலே முறிந்துபோன கடைகளின் சரக்கை மொத்தமாக வாங்கி விற்றுத் தொழில் பழகினார். 1939ஆம் ஆண்டில் கென்ரக்கி மாநிலத்தின் ஸ்கொட்ஸ்வில் என்ற சிற்றூரில், தந்தையும் மகனும் ஆளுக்கு 5,000 டொலர் முதலிட்டு மொத்த வியாபாரம் ஆரம்பித்தார்கள். 1955இல் அதே மாநிலத்தில், எந்தப் பொருளும் ஒரு டொலருக்கு மேற்படாத கடையொன்றைத் திறந்தார்கள். அதுவே முதலாவது டொலர் ஜெனரல்.

இன்று அந்நிறுவனத்துக்கு 20,000க்கும் அதிகமான கடைகள் உண்டு. அவற்றில் ஐந்தில் நான்கு பங்கு, 20,000 பேரோ அதற்குக் குறைவானோரோ வாழும் ஊர்களில் அமைந்துள்ளன. இதைப் போலவே பமிலி டொலர், டொலர் ட்ரீ என்னும் நிறுவனங்களும் ஆயிரக்கணக்கான கடைகளை நடத்துகின்றன. நகரங்களுக்குள்ளே பார்த்தால், கறுப்பின மக்களும் வேறு ஏழைகளும் செறிந்து வாழும் பகுதிகளில் இக்கடைகள் ஒன்றையடுத்து ஒன்றாக நிற்பதைக் காணலாம்.

ஏழைகள் நடுவில் ஏன்?

பெரிய சுப்பர் மார்க்கற்றுகள் இலாபம் குறைவென்று ஏழைப் பகுதிகளை விட்டு வெளியேறின. அந்த வெற்றிடத்திலேதான் டொலர் கடைகள் நுழைந்தன. அங்கே காணி வாடகை குறைவு. கட்டடம் சிறியதாக இருந்தாற் போதும். இரண்டு மூன்று பேரை வைத்தே கடையை நடத்திவிடலாம். கெட்டுப்போகும் மரக்கறியும் இறைச்சியும் வைக்காவிட்டால் நட்டமும் குறைவு.

சட்டத்திலும் ஒரு காரணம் உண்டு. பெரிய கடைக்கு ஒரு விலை, சிறிய கடைக்கு வேறு விலை என்று உற்பத்தியாளர் பாரபட்சம் காட்டலாகாது என்பதற்காக அமெரிக்காவில் 1936ஆம் ஆண்டு ரொபின்சன்-பாட்மன் சட்டம் இயற்றப்பட்டது. 1980களிலிருந்து அரசாங்கம் அச்சட்டத்தைப் பெரும்பாலும் பயன்படுத்தாமலே விட்டுவிட்டது. சட்டம் ஏட்டில் இருந்தது, காவல் இல்லை. ஊர்க்கடைக்காரர் வாங்கும் விலைக்கும் பெரிய நிறுவனம் வாங்கும் விலைக்குமிடையே இடைவெளி பெருகியது. சோம்பல் காரணமாகச் சிறுகடைகள் தோற்கவில்லை. ஓட்டம் தொடங்குமுன்பே அவற்றின் காலில் பாரம் கட்டப்பட்டிருந்தது.

சிறிய பைக்கற்றின் கணக்கு

அடுத்து விலையைக் கவனிப்போம். டொலர் ட்ரீ கடைகளில் 2021ஆம் ஆண்டு வரை ஏறக்குறைய எல்லாப் பொருட்களும் ஒரு டொலருக்கே விற்கப்பட்டன. பின்பு அது 1.25 டொலராக உயர்ந்தது. அக்கடையில் ஒரு டொலருக்குக் கிடைத்த பால் பெட்டியில் 16 அவுன்ஸ் பால் இருந்தது. ஒரு கலன் என்பது 128 அவுன்ஸ். ஆகவே ஒரு கலன் பாலை இப்படிச் சிறிது சிறிதாக வாங்கினால் 8 டொலர் செலவாகும். அக்காலத்தில் சாதாரணக் கடையில் ஒரு கலன் பாலின் விலை 3 டொலர் அளவிலேயே இருந்தது.

பார்வைக்கு மலிவு, கணக்குக்கு இரண்டு மடங்குக்கும் மேல்! மாவு, சலவைத் தூள், தாளுறை முதலிய பல பொருட்களிலும் பொதி சிறுத்தால் இதே கதைதான்.

இது நமக்கும் புதிதல்ல. ஒரு பொருளின் 100 கிராம் பைக்கற் 130 ரூபா என்றும், ஒரு கிலோ 1,000 ரூபா என்றும் வைத்துக்கொள்வோம். பத்துத் தடவை சிறு பைக்கற் வாங்கும் குடும்பம் 1,300 ரூபா கொடுக்கிறது. ஒரே தடவையில் ஒரு கிலோ வாங்கும் குடும்பம் 1,000 ரூபா கொடுக்கிறது. அதிகம் கொடுப்பவர் யார்? கையில் குறைவாக உள்ளவரே.

அந்தத் தாய்க்குக் கணக்குத் தெரியாதென்று நாம் எண்ணிவிடக் கூடாது. நாட்கூலிக்கு வேலை செய்யும் குடும்பத்தில் இன்று மாலை கையில் 200 ரூபாதான் இருக்கிறது. ஒரு கிலோ வாங்க இன்னும் 800 ரூபா வேண்டும். அரிசி வாங்கவே வழியிராது. வறுமை என்பது பணம் இல்லாமை மட்டுமல்ல, மலிவாக வாங்கும் வாய்ப்பும் இல்லாமையாகும்.

ஊர்க்கடைக்கு நேர்வது என்ன?

கன்சாஸ் மாநிலத்தில் ஹேவன் என்ற சிற்றூர் உண்டு. அங்கே 2015இல் டொலர் ஜெனரல் கடை வந்தது. சில ஆண்டுகளுக்குள் அவ்வூரின் பலசரக்குக் கடை மூடப்பட்டது. அயலூரான புலருக்கும் அந்நிறுவனம் வர விரும்பியபோது, ஹேவனுக்கு நேர்ந்ததைக் கண்டிருந்த புலர் ஊரவை அனுமதி மறுத்துத் தன் ஊர்க்கடையைக் காப்பாற்றிக்கொண்டது.

இது ஓரிரு ஊர்களின் கதை மட்டுமல்ல. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் பொருளாதார ஆய்வாளர்கள் நாடு முழுவதையும் ஆராய்ந்தார்கள். டொலர் கடை வந்த இடங்களில் தனியார் பலசரக்குக் கடைகளின் விற்பனையும் வேலைவாய்ப்பும் வீழ்ந்ததையும், சில கடைகள் மூடப்பட்டதையும், நகரத்தைவிடக் கிராமத்திலேயே பாதிப்பு அதிகம் என்பதையும் அவர்கள் கண்டார்கள்.

ஊர்க்கடை மூடப்படும்போது பலகையிலுள்ள சரக்கு மட்டும் போவதில்லை. புதிய மரக்கறியும் பழமும் இறைச்சியும் போகின்றன. அயல் விவசாயி தன் விளைச்சலைக் கொடுக்கும் இடம் போகிறது. ஊர்ப்பிள்ளைகள் சிலரின் வேலை போகிறது. கையில் பணமில்லாத கிழமையில் கொப்பியில் எழுதிவிட்டுச் சாமான் தந்த முகமறிந்த மனிதர் போகிறார். அவருடைய இலாபம் ஊருக்குள்ளேயே சுழன்றது. பெரிய நிறுவனத்தின் இலாபமோ எங்கேயோ உள்ள பங்குதாரரிடம் சேர்கிறது.

ஒன்றையும் மறைக்காமற் சொல்வதாயின், டொலர் ஜெனரல் அண்மை ஆண்டுகளில் 5,000க்கும் மேற்பட்ட தன் கடைகளில் புதிய மரக்கறியும் பழமும் வைக்கத் தொடங்கியுள்ளது. அது நல்லதே. ஆயினும் பெரும்பாலான கடைகளில் பேணியில் அடைத்ததும் பைக்கற்றில் இட்டதுமான உணவே இன்னும் இராத்திரிச் சாப்பாடாகிறது.

வேலையாட்களும் களஞ்சியமும்

குறைந்த ஆட்களை வைத்துக் கடை நடத்தினால் சரக்குப் பெட்டிகள் நடைபாதையிலே குவிகின்றன. தீப்பிடித்தால் வெளியேறும் வழியும் அடைபடுகிறது. இத்தகைய பாதுகாப்புக் குறைபாடுகள் பற்றிய வழக்குகளைத் தீர்ப்பதற்காக, 2024ஆம் ஆண்டு ஜூலையில் டொலர் ஜெனரல் நிறுவனம் அமெரிக்கத் தொழில் திணைக்களத்துடன் 1 கோடி 20 இலட்சம் டொலருக்கு உடன்பாடு செய்தது.

ஆர்க்கன்சா மாநிலத்தின் மேற்கு மெம்பிஸ் நகரில் பமிலி டொலரின் பெரிய களஞ்சியம் ஒன்று இருந்தது. 2022இல் அரச பரிசோதகர்கள் அங்கே சென்றபோது எலிகள் மலிந்திருக்கக் கண்டார்கள். புகையடித்த பின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகள் செத்துக் கிடந்தன. அங்கிருந்துதான் ஆறு மாநிலங்களிலுள்ள 400க்கும் அதிகமான கடைகளுக்கு உணவும் மருந்தும் அழகுசாதனப் பொருட்களும் அனுப்பப்பட்டிருந்தன. 2024இல் நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. செலுத்தவேண்டி வந்த தொகை 4 கோடி 16 இலட்சம் டொலருக்கும் மேல்.

கடை போய்விட்டால்?

வந்த கடை என்றும் நிற்கும் என்பதற்கும் உறுதியில்லை. கலிபோர்னியா முதலிய நான்கு மாநிலங்களில் 371 கடைகள் நடத்திய '99 சதம்' நிறுவனம் 2024இல் அவை எல்லாவற்றையும் மூடுவதாக அறிவித்தது. அதே ஆண்டில் பமிலி டொலரும் ஏறக்குறைய 1,000 கடைகளை மூடப்போவதாக அறிவித்தது. ஊர்க்கடை ஏற்கெனவே போய்விட்ட இடத்தில் மலிவுக் கடையும் போய்விட்டால், கார் இல்லாத கிழவியும் கைக்குழந்தைக்காரியும் பால் வாங்க எங்கே போவார்கள்?

2. தீர்ப்பிடுவோம்

ஆமோஸ் கண்ட சந்தை

கிறிஸ்துவுக்கு முன் எட்டாம் நூற்றாண்டில், தெக்கோவா ஊரைச் சேர்ந்த ஆமோஸ் என்னும் மந்தை மேய்ப்பர் வட நாடாகிய இஸ்ராயேலுக்கு அனுப்பப்பட்டார். அது செல்வம் கொழித்த காலம். கோயில்களில் பலிகளுக்கும் பாடல்களுக்கும் குறைவில்லை. ஆனால் இந்த இறைவாக்கினர் சந்தைக்குள்ளே போய்ப் பார்த்தார். ஓய்வுநாள் எப்போது முடியும், கடையை எப்போது திறக்கலாம் என்று வியாபாரிகள் காத்திருந்தார்கள். அவர்கள் செய்த மூன்று காரியங்களை எட்டாம் அதிகாரத்தில் அவர் கணக்கிட்டுச் சொல்கிறார்: அளக்கும் மரக்காலைச் சிறிதாக்கினார்கள், தராசிலே மோசம் செய்தார்கள், கோதுமையின் கழிவையும் ஏழைக்கு விற்றார்கள்.

நாம் மேலே பார்த்தவற்றை இம்மூன்றோடும் வைத்துப் பாருங்கள். மரக்கால் இன்று பைக்கற்றாகச் சிறுத்துள்ளது. தராசின் இடத்தில் விலைப்பட்டியும் காசு வாங்கும் இயந்திரமும் நிற்கின்றன. பலகையில் ஒரு விலையை எழுதி, காசு வாங்குமிடத்தில் அதைவிட அதிகம் அறவிட்டதாக ஒகையோ மாநிலத்தின் சட்டத்துறைத் தலைவர் 2022இல் டொலர் ஜெனரல்மீது வழக்குத் தொடர்ந்தார். மறு ஆண்டு பத்து இலட்சம் டொலருக்கு அது தீர்க்கப்பட்டது. எலி மலிந்த களஞ்சியத்து உணவு மூன்றாவது குற்றத்தை நினைவூட்டவில்லையா?

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தக் கழிவுக் கோதுமையை வாங்கித் தின்ற ஏழையை ஆமோஸ் ஒரு வார்த்தையாலும் கடிந்துகொள்ளவில்லை. கடவுளின் கோபம் முழுவதும் அளவைச் சிறிதாக்கியவர்கள் மீதே. ஆகவே மலிவுக் கடைக்குப் போகும் ஏழைத் தாயைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை. பிள்ளையின் பள்ளிக் கொப்பிக்கும் பிறந்தநாள் பலூனுக்கும் அக்கடை ஒன்றே அவளுக்குக் கைகொடுக்கிறது. 2024இல் '99 சதம்' கடைகள் மூடப்பட்டபோது மனம் வருந்தியவர்கள் பலர். அந்த வருத்தம் உண்மையானது. அவள் வேறு எதையும் தேர்ந்துகொள்ள முடியாதபடி செய்யப்பட்டிருக்கிறாளே, அதுவே அநீதி.

மூன்று உரைகற்கள்

மலிவு பாவமல்ல. நேர்மையான உழைப்பாலும் சிக்கனத்தாலும் விலையைக் குறைக்கும் வியாபாரி சமூகத்துக்கு நன்மை செய்கிறார். ஆகவே ஒரு கடை தரும் மலிவு நல்ல மலிவா என்று உரைத்துப் பார்க்க மூன்று கேள்விகள் போதும்.

முதலாவது, அளவு நேர்மையானதா? சரியான தராசும் சரியான மரக்காலும் வைத்திருக்கும்படி லேவியர் நூல் இஸ்ராயேலுக்குக் கட்டளையிடுகிறது. அடிமைத்தனத்திலிருந்து உங்களை மீட்டவர் நானே என்று கடவுள் அதற்குக் காரணமும் சொல்கிறார். கள்ள அளவு விடுதலை பெற்ற மக்களை மீண்டும் அடிமைகளாக்கும் செயல்.

இரண்டாவது, வேலையாளுக்கு நீதி கிடைத்ததா? கொடாமல் வைத்துக்கொண்ட கூலி கடவுளை நோக்கிக் கூக்குரலிடுகிறது என்று புனித யாக்கோபு எச்சரிக்கிறார். குடும்பம் கண்ணியமாக வாழப் போதிய கூலி தொழிலாளியின் உரிமை என்று பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1891ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். நாம் மிச்சம் பிடிக்கும் சில ரூபாய்கள் காசு வாங்குமிடத்தில் நிற்கும் பிள்ளையின் சம்பளத்திலிருந்து வந்தவையாயின், அவை மிச்சமல்ல.

மூன்றாவது, கடை வந்தபின் ஊர் பலம்பெற்றதா, பலமிழந்ததா? ஒரு சதம் மலிவாகக் கொடுத்து, ஊரின் உழைப்பையும் உறவையும் எடுத்துச் செல்லும் வியாபாரத்தில் ஏழையே முடிவில் கடன்காரனாகிறான்.

பாப்பரசர் 16ஆம் ஆசீர்வாதப்பர் 2009ஆம் ஆண்டின் தம் சுற்றுமடலில், பொருள் வாங்குவது வெறும் பணக் காரியமல்ல, ஒழுக்கம் சார்ந்த செயலுமாகும் என்று போதித்தார். ஞாயிறு பூசைக்குப் போகும் வழியும் திங்கட்கிழமை கடைக்குப் போகும் வழியும் கடவுளுக்கு முன் ஒரே வழிதான்.

3. செயற்படுவோம்

மற்றவர்கள் செய்தவை

ஒக்லகோமா மாநிலத்தின் டல்சா நகரத்தில் கறுப்பின மக்கள் வாழும் வடபகுதி உண்டு. 1921இல் வெள்ளையர் கூட்டத்தால் எரித்தழிக்கப்பட்ட கிறீன்வூட் வணிகப் பகுதி அங்கேதான் இருந்தது. பிற்காலத்தில் டொலர் கடைகள் அவ்விடத்தை நிரப்பின. புதிய உணவு விற்கும் கடைதான் இல்லை. மாநகரசபை உறுப்பினர் வனேசா ஹோல்-ஹார்ப்பர் மக்களைத் திரட்டிப் போராடினார். 2018இல் மாநகரசபை, அப்பகுதியில் ஒரு டொலர் கடைக்கு ஒரு மைல் தூரத்துக்குள் இன்னொன்று கட்டுவதைத் தடுத்துச் சட்டம் செய்தது. தடுத்ததோடு நின்றுவிடவில்லை. 2021இல் பொதுநிதி உதவியுடன் மரக்கறி, பழம், இறைச்சி எல்லாம் விற்கும் ஒயாசிஸ் என்ற கடை அங்கே திறக்கப்பட்டது. வேண்டாததை மறுத்தலும் வேண்டியதைக் கட்டியெழுப்புதலும் சேர்ந்தே நடக்கவேண்டும் என்பது இதன் படிப்பினை.

இன்னும் பின்னோக்கிப் பார்த்தால், இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் 1844ஆம் ஆண்டு டிசெம்பர் 21ஆம் நாள் 28 பேர் சேர்ந்து 28 பவுண் முதலுடன் ஒரு சிறு கடை திறந்தார்கள். அவர்களிற் பலர் நெசவாளர். வெண்ணெய், சீனி, மா, ஓட்ஸ் மா, மெழுகுதிரி என்பவையே சரக்கு. கலப்படமும் கள்ள நிறையும் மலிந்த காலத்தில் சுத்தமான பொருள், சரியான நிறை, வாங்கிய அளவுக்கு இலாபப் பங்கு என்பதே அவர்களின் கொள்கை. உலகக் கூட்டுறவு இயக்கத்தின் ஊற்று இதுவே.

கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் கத்தோலிக்கக் குருக்களான ஜிம்மி டொம்கின்ஸ், மோசஸ் கோடி ஆகிய இருவரும் மீனவர் நடுவே உழைத்தார்கள். பிடித்த மீனைக் குறைந்த விலைக்கு முதலாளியிடம் கொடுத்து, வேண்டிய சாமானைக் கூடிய விலைக்கு அவரிடமே கடனாக வாங்கும் நிலையில் அம்மக்கள் இருந்தார்கள். அன்ரிகோனிஷ் நகரின் புனித சவேரியார் பல்கலைக்கழகம் 1928இல் இப்பணிக்கென ஒரு பிரிவை நிறுவ, கோடி அடிகளார் அதன் பொறுப்பை ஏற்றார். சமையலறையில் கூடிப் படித்த சிறு வட்டங்களிலிருந்து நாணய சங்கங்களும் கூட்டுறவுக் கடைகளும் மீன் பதனிடும் நிலையங்களும் பிறந்தன. மன்னாரிலும் குருநகரிலும் முல்லைத்தீவிலும் கடலை நம்பி வாழும் நம் மக்களுக்கு இந்த வரலாறு தூரத்துக் கதையாகத் தோன்றாது.

நமக்கும் இந்த மரபு உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பங்கீட்டுப் பொருட்களை விநியோகிக்க இலங்கையெங்கும் கூட்டுறவுப் பண்டகசாலைகள் பெருகின. 1957 முதல் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் உருவாகின. பிந்திய போர்க்கால இடப்பெயர்வுகளில் நிவாரண அரிசியும் பருப்பும் மாவும் பல இடங்களில் சங்கக்கடை வழியாகவே நம் கைக்கு வந்தன. அக்கடைகளில் குறைகள் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தமது சங்கத்தின் பொதுக்கூட்டத்துக்குப் போகாமல், வாக்களிக்காமல், கணக்குக் கேட்காமல் இருந்துவிட்டு, "சங்கக்கடை சரியில்லை" என்று சொல்வது நியாயமா?

குடும்பங்கள் செய்யக்கூடியவை

1. அடுத்த முறை சாமான் வாங்கும்போது விலையை மட்டும் பாராமல், 100 கிராமுக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்த்து வாங்குங்கள். இந்தக் கணக்கைப் பிள்ளைகளையே செய்யவிடுங்கள்.

2. மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து பருப்பு, சீனி, சவர்க்காரம் போன்றவற்றை மொத்தமாக வாங்கிப் பங்கிடுங்கள். நாட்கூலிக் குடும்பம் ஒன்றையும் சேர்த்துக்கொண்டு, அவர்களுடைய பங்குப் பணத்தைக் கிழமைக்குக் கிழமை வாங்குங்கள். பெரிய பொதியின் மலிவு அவர்களுக்கும் கிடைக்கட்டும்.

3. ஊர்க்கடையில் கடனுக்கு வாங்கி, கையில் காசு வந்ததும் சுப்பர் மார்க்கற்றுக்குப் போகும் பழக்கத்தை விடுங்கள். முதலில் கொப்பிக் கடனைத் தீருங்கள்.

4. வியாபாரம் செய்யும் வாசகர்களே, உங்கள் தராசும் காலாவதித் திகதியும் உங்கள் செபத்தின் பகுதிகள். ஏழை வாடிக்கையாளருக்குப் பழைய சரக்கைத் தள்ளிவிடாதீர்கள்.

5. கூட்டுறவுச் சங்கத்தில் அங்கத்தவராயிருப்பவர்கள் இவ்வாண்டுப் பொதுக்கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள்.

கலந்துரையாடச் சில கேள்விகள்

1. நம் வீட்டில் சிறு பைக்கற்றாக வாங்கும் பொருட்கள் எவை? ஒரு மாதத்தில் அதனால் எவ்வளவு அதிகம் செலவாகிறது?

2. கடந்த பத்து ஆண்டுகளில் நம் ஊரில் மூடப்பட்ட கடைகள் எவை? அவற்றோடு ஊர் எதை இழந்தது?

3. ஆமோஸ் இன்று நம் சந்தைக்கு வந்தால் எந்த மூன்று காரியங்களைச் சுட்டிக்காட்டுவார்?

4. நம் பங்கிலுள்ள மிக ஏழ்மையான குடும்பம் எங்கே சாமான் வாங்குகிறது? அவர்களைக் கேட்டறிந்திருக்கிறோமா?

இந்த நான்காம் கேள்விக்கு விடை தெரியாத மன்றம், மற்றைய கேள்விகளுக்குப் போகுமுன் அக்குடும்பத்தின் வீட்டுக்கு ஒருமுறை போய்வருவது நல்லது.